வருமானம் பார்த்துத் தரும் உதவி வராத வீட்டில் கல்லூரிச் செலவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வார இறுதித் தமிழ்ப்பள்ளி வாசலில் காத்திருக்கும்போது, வருடம் தவறாமல் யாராவது கேட்பார்கள்: "நம்ம சம்பளத்துக்கு உதவி எதுவும் வராது. அப்புறம் எப்படித்தான் கட்டறது?" பேசப் பேச, மூத்த மகளுக்கு நான் செய்த அதே தவறுகள் அவர்கள் வாயிலிருந்து வரும். கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிடுகிறேன்.

"நீ இடம் வாங்கு, பணத்தை நான் பார்த்துக்கறேன்"

இதை யார் சொல்லிக் கேட்டாலும் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பாசத்தில் சொல்வதுதான். நானும் சொன்னேன். மகள் விண்ணப்பித்த ஒன்பது கல்லூரிகளில் ஏழு, மதிப்பெண்ணுக்கென்று ஒரு டாலர்கூடத் தராதவை. ஐவி லீக் எனப்படும் எட்டுப் பல்கலைக்கழகங்களும் எம்ஐடியும் குடும்பத்தின் பணத் தேவையை மட்டுமே பார்க்கின்றன. பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் திறமைக்கான உதவித்தொகை அங்கே கிடையாது. தேவை இல்லை என்று கணக்கு வந்துவிட்டால் முழுத் தொகையும் நம் தலையில்தான்.

மார்ச் கடைசியில் அவற்றில் ஒன்றில் இடம் கிடைத்தது. உதவிக் கடிதத்தில் மானியம் என்ற இடத்தில் பூஜ்ஜியம், அதற்குக் கீழே 5,500 டாலர் கடன். வருடச் செலவோ 75,000-க்கு மேல். மே 1-க்குள் பதில் சொல்ல வேண்டும். "நம்மால முடியாதும்மா" என்று நான் சொன்ன இரவு, அந்தக் கல்லூரிப் பெயர் போட்ட ஸ்வெட்ஷர்ட்டை, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல், மடித்து அலமாரியின் அடியில் வைத்தாள். ஒரு வருடம் முன்பே அவளிடம் ஒரு தொகையைச் சொல்லியிருந்தால் பட்டியலே வேறாக இருந்திருக்கும்.

பதினொன்றாம் வகுப்பிலேயே உட்கார வைத்துச் சொல்லுங்கள்: "வருஷத்துக்கு இவ்வளவுதான் நம்மால முடியும்." பிறகு ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் உள்ள, உதவி போக நாம் கட்ட வேண்டியதைக் கணித்துச் சொல்லும் நெட் பிரைஸ் கால்குலேட்டரில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள், 2011 முதல் அதை வைத்திருப்பது கட்டாயம். பல கல்லூரிகள் வெளியிடும் காமன் டேட்டா செட் அறிக்கையில் எச் பிரிவைத் திறந்தால், தேவை இல்லாத மாணவர்களில் எத்தனை பேருக்குச் சராசரியாக எவ்வளவு கொடுத்தார்கள் என்பது இருக்கும். இளையவனின் பட்டியலை அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்கினோம்.

எர்லி டெசிஷன்

இடம் கிடைத்தால் அங்கேயே சேருவேன் என்று முன்கூட்டியே விண்ணப்பிப்பது, அதாவது விலை தெரியுமுன் வாக்குக் கொடுப்பது. நமக்கு வேண்டாம்.

ஃபாஃப்சா நிரப்பாமல் விடுவது

கூட்டரசின் கல்லூரி உதவிக்கான விண்ணப்பப் படிவம் இது. "எப்படியும் வராதே" என்று விட்டுவிடுகிறார்கள். தேவை பார்க்காமல் மாணவர் பெயரில் தரும் கூட்டரசுக் கடனுக்கும் அதுதான் வாசல்: முதல் ஆண்டு 5,500 டாலர், இரண்டாம் ஆண்டு 6,500, பிறகு 7,500, மொத்தம் 31,000 வரை. சில கல்லூரிகள் திறமை உதவிக்கும் இந்தப் படிவத்தைக் கேட்கின்றன. இன்னொன்று: இரண்டு பிள்ளைகள் ஒரே சமயத்தில் படித்தால் கூட்டரசுக் கணக்கில் சலுகை உண்டு என்று தெரிந்தவர்கள் சொல்லும் யோசனை பழசு. 2024-25 முதல் அது இல்லை.

பேரன்ட் பிளஸ்ஸை நம்புவது

பிள்ளையின் படிப்புக்காகக் கூட்டரசு பெற்றோருக்குத் தரும் கடன் அது. பிள்ளையின் கடன் அல்ல, உங்கள் கடன். புதிதாக வாங்குவோருக்கு 2026 ஜூலை 1 முதல் ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000 டாலர், மொத்தம் 65,000 என்று வரம்பும் வந்துவிட்டது. "மீதியை அதுல போட்டுக்கலாம்" என்று வைத்திருந்தவர்கள் மறுபடி கணக்குப் போட வேண்டும்.

ஓய்வுக்காலச் சேமிப்பை உடைப்பது

கூடவே கூடாது.

கேட்காமல் விடுவது

கடிதத்தில் வந்த தொகைதான் முடிவு என்று எடுத்துக்கொள்கிறோம். திறமை உதவி தரும் தனியார் கல்லூரிகளில் சில, அதே தரத்திலுள்ள இன்னொரு கல்லூரி கூடுதலாகத் தந்தால் மறுபரிசீலனை செய்யும். மகனுக்காக அந்த இன்னொரு கடிதத்தை இணைத்து, ஏப்ரல் முதல் வாரத்தில் மரியாதையாக ஆறு வரி எழுதினோம். பத்து நாளில் பதில் வந்தது: வருடத்துக்கு 4,000 டாலர் கூடுதல், நான்கு வருடத்துக்கும்.