ரோட்டாக்ஸ் 912: முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயிலை ஏற்றுவது எப்படி?

சிறு விமானங்களில் வரும் ரோட்டாக்ஸ் 912 என்ஜினுக்கு ஆயில் தனி டேங்கில் இருக்கிறது. அங்கிருந்து கூலர் வழியாகப் பம்புக்கு வந்து, என்ஜினுக்குள் சுற்றி அடியில் வடிகிறது. பிஸ்டன் ஓரமாகக் கசியும் வாயுவின் அழுத்தம்தான் அதை மறுபடி டேங்குக்குத் தள்ளுகிறது.

புது என்ஜின் பொருத்தினாலோ, ஆயில் குழாயையோ கூலரையோ கழற்றினாலோ இந்த வழியெல்லாம் காற்று புகுந்துவிடும். டேங்கை நிரப்பினால் மட்டும் அது போகாது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் பேரிங்குகள் வறட்சியாக உராயும், ஹைட்ராலிக் லிஃப்டரில் (ஆயில் நிரம்பி வால்வைத் தள்ளும் பாகம்) சிக்கிய காற்றால் வால்வுகளும் சேதமாகலாம். எனவே ஆயில் பிரஷர் முள் அசையும்வரை ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது.

முதலில் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். இரண்டு இக்னிஷன் சுவிட்சும் ஆஃப். பிரஷரைப் பார்க்க மாஸ்டர் சுவிட்சை (விமானத்தின் முக்கிய மின் சுவிட்ச்) ஆன் செய்ய வேண்டியிருக்கும் என்பதால், காக்பிட்டில் வேறு யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். டேங்கில் சுமார் 3 லிட்டர் ஆயில் ஊற்றுங்கள். கியர்பாக்ஸுக்கும் அதே ஆயில்தான், அதனால் மேனுவல் சொல்லும் வகையைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள்.

அடுத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். அப்போதுதான் புரொப்பெல்லரைக் கையால் எளிதாகச் சுற்ற முடியும். டேங்குக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் குழாயைக் கழற்றி, அதன் முனையை என்ஜினுக்குக் கீழே ஒரு பாத்திரத்தில் விடுங்கள். டேங்கில் அது இருந்த இடத்தைக் காற்று புகாமல் அடையுங்கள். டேங்க் மூடியை இறுக்கி, டேங்கின் வென்ட் குழாய் (காற்று வெளியேறும் குழாய்) வழியாக, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வைத்துக் காற்றழுத்தம் கொடுங்கள். 1 பாரைத் தாண்டக் கூடாது.

இனி புரொப்பெல்லரை ஓடும் திசையிலேயே கையால் சுற்றுங்கள். பின்பக்கமாகச் சுற்றினால் லிஃப்டருக்குள் காற்று ஏறும். பெரும்பாலும் 20 சுற்றுக்குள் முள் எழும். சில சமயம் 60 வரைகூட ஆகும், பொறுமையாக இருங்கள். நடுவில் டேங்க் காலியாகிவிட்டால் மறுபடி காற்றுதான் உள்ளே போகும். ஆனால் ஆயில் சேர்க்க மூடியைத் திறப்பதற்கு முன் அழுத்தத்தை முழுதாக விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஆயில் முகத்தில் பீய்ச்சும்.

முள் எழுந்தபின் அழுத்தத்தை விட்டு, ரிட்டர்ன் குழாய், வென்ட், பிளக் எல்லாவற்றையும் திரும்ப மாட்டுங்கள். வால்வ் கவர்களைத் திறந்து, ராக்கரின் (வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்) புஷ்ராடு பக்கத்தை, அதாவது லிஃப்டரிலிருந்து வரும் தண்டு தொடும் பக்கத்தை, ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஒன்று மட்டும் பஞ்சு போல அமுங்கினால் அதில் இன்னும் காற்று இருக்கிறது, மேனுவல்படி சரிசெய்யாமல் ஸ்டார்ட் வேண்டாம்.

சரி, இப்போது அளவு. மூடியைத் திறந்துவிட்டு, டேங்கில் களகளவென்று சத்தம் வரும்வரை புரொப்பெல்லரைச் சுற்றுங்கள். என்ஜினின் அடியில் தங்கிய ஆயில் டேங்குக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தம். அப்புறம்தான் டிப்ஸ்டிக்கால் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) பார்க்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவே 0.45 லிட்டர் இடைவெளி, குறைவாக இருந்தால் சேர்த்து மூடுங்கள்.

ஸ்டார்ட் செய்ததும் 10 விநாடிக்குள் பிரஷர் ஏறாவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். ஏறினால் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்து, கழற்றிய ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள்.