ஒரே கோப்புக்கு இரண்டு முகவரி: சி நிரலில் பாதையை மாற்றுவது எப்படி?

லினக்ஸ் கணினியில் ஓடும் நிரல் "/தரவு/பணி/அறிக்கை" என்ற கோப்பை எழுதிவிட்டு, அந்தப் பாதையை விண்டோஸ் கணினிக்கு அனுப்புகிறது. அங்கே திறக்கப் போனால் "கோப்பு இல்லை" என்று பிழை வருகிறது. கோப்பு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. விண்டோஸுக்கு அதன் முகவரி "\\சேமிப்பகம்\பணி\அறிக்கை". ஒன்றை மற்றொன்றாக மாற்றும் ஃபங்ஷனை எழுதுவோம்.

முதல் படி: ஒரு அட்டவணை. இரண்டு ஸ்ட்ரிங் கொண்ட ஸ்ட்ரக்ட், அத்தகைய ஸ்ட்ரக்ட்டுகளின் ஒரு அரே. ஒரு பக்கம் "/தரவு/பணி", மறுபக்கம் "\\சேமிப்பகம்\பணி". சி மூலநிரலில் ஒவ்வொரு பின்சாய்கோட்டையும் ("\") இரட்டிக்க வேண்டும்; தொடக்கத்தில் உள்ள இரண்டும் நான்காகும். சர்வர் பெயர் (இங்கே "சேமிப்பகம்") நாளை மாறலாம் என்பதால், இந்த அட்டவணையை அமைப்புக் கோப்பிலிருந்து படிப்பதே நல்லது.

இரண்டாம் படி: பாதையின் தொடக்கத்தை ஒப்பிடுவது. பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இங்கேதான். ஸ்ட்ர்லென் (strlen) தரும் நீளத்தை வைத்து, அத்தனை பைட்டை மட்டும் ஒப்பிடும் ஸ்ட்ர்என்கம்ப் (strncmp) போட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் "/தரவு/பணிமனை/படம்" வந்தால் அதுவும் "/தரவு/பணி"யோடு பொருந்திவிடும். வேறொரு அடைவின் (ஃபோல்டரின்) கோப்பு தவறான முகவரிக்குப் போகும். எனவே பொருந்திய பகுதிக்கு அடுத்த எழுத்து சாய்கோடா, ஸ்ட்ரிங்கின் முடிவா என்று கட்டாயம் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அது பொருத்தமே அல்ல. அட்டவணையில் "/தரவு" என்று தனி வரியும் இருந்தால், முதலில் கண்டதோடு நிற்காமல், பொருந்துவனவற்றுள் மிக நீளமானதை எடுங்கள்.

மூன்றாம் படி: மீதிப் பாதையில் "/" வரும் இடமெல்லாம் "\" வைப்பது. எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் "பணி" 9 பைட். அந்த பைட்டுகளுக்குள் சாய்கோட்டின் பைட் ஒருபோதும் வராது. பைட் பைட்டாக மாற்றலாம், பயமில்லை. ஆனால் லினக்ஸில் கோப்புப் பெயருக்குள்ளேயே "\" அல்லது ":" இருக்கலாம், விண்டோஸ் அவற்றை ஏற்காது. அப்படிப்பட்ட பெயர் வந்தால் ஊகித்து மாற்றாதீர்கள், பிழை என்று திருப்பி அனுப்புங்கள்.

நான்காம் படி: விடையை எஸ்என்பிரின்ட்எஃப் (snprintf) கொண்டு பஃபரில், அதாவது அதற்கென ஒதுக்கிய நினைவகத்தில், எழுதுங்கள். அது திருப்பித் தரும் எண் பஃபரின் அளவுக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருந்தால் பாதை வெட்டுப்பட்டுவிட்டது. எண் சுழியத்துக்குக் கீழே வந்தாலும் பிழைதான். வெட்டுப்பட்ட பாதை வேறொரு உண்மையான கோப்பைக் காட்டக்கூடும் என்பதால் இந்தச் சோதனையை விடவே கூடாது. லினக்ஸில் பாதையின் வழக்கமான வரம்பு 4096 பைட். விண்டோஸின் பழைய வரம்பு 260 எழுத்து.

இன்னொன்று: பாதைக்குள் மேலடைவைக் குறிக்கும் ".." என்ற பகுதி இருந்தால் அது அட்டவணை காட்டும் அடைவைத் தாண்டி வெளியேறக்கூடும். கோப்பு இருக்கும் கணினியிலேயே ரியல்பாத் (realpath) ஃபங்ஷனால் முழுப் பாதையாக்கி அனுப்புங்கள். பெறும் பக்கத்தில் அதை அழைத்துப் பயனில்லை, அங்கே அந்த அடைவே கிடையாது.

விண்டோஸில் திறக்கும்போது யூடிஎஃப்-16க்கு மாற்றி, அகல எழுத்துகளை ஏற்கும் ஃபங்ஷனால் திறங்கள். இல்லையேல் தமிழ்ப் பெயர்கள் சிதையும்.

சோதிக்க: "/தரவு/பணி", "/தரவு/பணி/", "/தரவு/பணிமனை", அட்டவணையில் இல்லாத ஒரு பாதை. முதல் இரண்டும் மாற வேண்டும். மூன்றாவது, "/தரவு" வரி இருந்தால் அதன்படி மாற வேண்டும். இல்லையென்றால் நான்காவதைப் போலப் பிழை தர வேண்டும்.