கண்டக்டிங்கில் டாக்டர் பட்டம்: பாளையங்கோட்டையிலிருந்து போகும் வழி

நான் முதல் தடவை அனுப்பிய வீடியோவில் என் முதுகு மட்டும்தான் தெரிந்தது. கிறிஸ்துமஸ் சமயம், பாளையங்கோட்டையில் ஒரு சர்ச் ஹாலில் நான் கண்டக்டராக முன்னால் நின்று கையசைத்து நடத்த, பதினெட்டு பேர் வாசித்தார்கள், நன்றாகவே வாசித்தார்கள், கல்யாண வீடியோ எடுக்கிற அண்ணாச்சி ஒருவர் சபையார் உட்காரும் பக்கம் ஸ்டாண்டைப் போட்டு அம்சமாக எடுத்துக் கொடுத்தார், அடுத்த வருடம் அதை அப்படியே அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு முதுகலைக்காக அனுப்பி முதல் சுற்றிலேயே வெளியே வந்தேன். கேமரா வாசிப்பவர்களுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்திருக்க வேண்டும். முகம், கண், இரண்டு கை, இதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். விண்ணப்பக் குறிப்பில் தெளிவாகவே எழுதியிருந்தது. நான்தான் படிக்கவில்லை.

சரி, இது என்ன பட்டம்? ஊரில் கண்டக்டருக்குப் படிக்கிறேன் என்றால் எந்த டெப்போ என்று கேட்பார்கள், அதை விடுங்கள். அமெரிக்காவில் இதன் பெயர் டாக்டர் ஆஃப் மியூசிக்கல் ஆர்ட்ஸ், சுருக்கமாக டி.எம்.ஏ. பிஎச்.டி. போல ஆய்வேடு எழுதினால் மட்டும் போதாது. குழுவை மேடையில் நடத்திக் காட்ட வேண்டும், விளக்கிப் பேசி நடத்தும் லெக்சர் ரெசைட்டல் உண்டு, பெரிய எழுத்துத் தேர்வு உண்டு, கடைசியில் ஒரு ஆய்வுக் கட்டுரையும் உண்டு. பொதுவாக மூன்று நான்கு வருடம் ஆகும். வயலின் வகை வாத்தியங்கள் முக்கியமாக உள்ள ஆர்கெஸ்ட்ராவுக்குத் தனிப் பிரிவு, ஊதும் வாத்தியங்கள் முக்கியமாக உள்ள விண்ட் பேண்டுக்குத் தனிப் பிரிவு. நம் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளி பேண்டிலும் சர்ச்சிலும் ட்ரம்பெட், கிளாரினெட், யூபோனியம் என்று ஊதி வளர்ந்தவர்கள், அதனால் விண்ட் பக்கம் போவதுதான் புத்தி என்பேன்.

எதற்காகப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பெரிய ஆர்கெஸ்ட்ராக்களை நடத்தி உலகம் சுற்றும் ஆசைக்கு இந்தப் பட்டம் தேவையே இல்லை. மும்பையில் பிறந்த ஜூபின் மேத்தா வியன்னாவில் ஹான்ஸ் ஸ்வாரோவ்ஸ்கியிடம் படித்துவிட்டு நேராக மேடைக்குப் போனவர். இந்தியாவிலோ முழுநேரத் தொழில்முறைக் குழு என்றால் 2006-இல் மும்பையில் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாதான். டி.எம்.ஏ. என்பது முக்கியமாக அமெரிக்கக் கல்லூரிகளில் பேண்ட் நடத்தவும் கற்பிக்கவும் வேலை கிடைக்கத் தேவையான சீட்டு. அந்த வேலை பிடிக்காது என்றால் மேலே படிக்க வேண்டாம்.

டாக்டர் பட்டத்துக்கு முன்னால் முதுகலை வேண்டும், அதுவும் பெரும்பாலும் கண்டக்டிங்கில். இங்கேதான் நம் ஆட்கள் முட்டிக்கொள்கிறார்கள். நம் மூன்று வருட பி.காம்., பி.எஸ்ஸி. பட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் நான்கு வருடப் பட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்வதில்லை, இசையில் இளங்கலை வேண்டும் என்றும் கேட்பார்கள். டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற லண்டன் இசைத் தேர்வு அமைப்புகளின் டிப்ளமா இருந்தால் வாசிக்கத் தெரியும் என்பதற்கு நல்ல சாட்சி, ஆனால் அதைப் பட்டமாக எல்லா இடத்திலும் எண்ண மாட்டார்கள். அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே அந்தந்தச் சேர்க்கை அலுவலகத்துக்கு உங்கள் மதிப்பெண் பட்டியலை அனுப்பி, இது செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். விண்ட் பிரிவில் பலர் முதுகலைக்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் பள்ளியில் பேண்ட் கற்பித்த அனுபவத்தையும் எதிர்பார்ப்பார்கள். நான் அந்த மூன்று வருடத்தை ஊருக்குத் திரும்பி வந்துதான் கழித்தேன், நஷ்டமில்லை.

ஏனென்றால் இந்தப் படிப்பில் கிடைக்காத சரக்கு ஒன்றே ஒன்றுதான், முன்னால் உட்கார்ந்து வாசிக்கும் ஆட்கள். வயலின்காரருக்கு வயலின் வீட்டிலேயே இருக்கும், கண்டக்டருக்கு வாத்தியம் என்பது இருபது மனிதர்கள், அவர்களுக்குப் பசிக்கும், பஸ்ஸுக்கு நேரமாகும், டியூஷன் இருக்கும். கண்ணாடி முன்னால் குச்சியை ஆட்டிப் பழகுவதில் கொஞ்சம்தான் பயன். பள்ளி பேண்ட் மாஸ்டரிடம் போய் வாரம் அரை மணி நேரம் தரச் சொல்லுங்கள், பதிலுக்கு கிளாரினெட் வாயில் மாட்டும் ரீட் வாங்கி வருவது, ஒவ்வொருவர் வாசிக்க வேண்டிய பார்ட்டைத் தாளில் எழுதிக் கொடுப்பது, நாற்காலி போடுவது எல்லாம் செய்யுங்கள். அறுபது பேர் வேண்டும் என்றில்லை. அமெரிக்கக் கண்டக்டர் ஃபிரெடெரிக் ஃபென்னல் 1952-இல் ஈஸ்ட்மன் இசைக் கல்லூரியில் விண்ட் என்சம்பிள் என்ற ஊதுவாத்தியக் குழுவைத் தொடங்கியபோது பிடித்த வழியே ஒரு பார்ட்டுக்கு ஒருவர் என்று கூட்டத்தைக் குறைத்ததுதான். மொசார்ட்டின் கிரான் பார்ட்டிட்டா என்ற படைப்புக்கு மொத்தமே பதின்மூன்று பேர். எல்லார் பார்ட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் ஸ்கோர், பழையது என்றால், ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

கை பற்றி ஒரே விஷயம் சொல்கிறேன், மற்றதை ஆசிரியர் சொல்லித் தருவார். எங்கள் சர்ச் பாடகர் குழுவான கொயரில் ஒரு பெரியவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, கையை அப்புறம் ஆட்டலாம், முதல்ல மூச்சை இழு" என்றார். அமெரிக்காவில் முதல் மாதம் முழுக்க அதையேதான் வேறு வார்த்தையில் கேட்டேன். முதல் தாள அடிக்கு முந்திய அந்தக் கைத் தூக்கலிலேயே வேகம், சத்தம், குணம் மூன்றும் இருக்க வேண்டும், நீங்கள் மூச்சிழுத்தால் ஊதுகிறவர்களும் இழுப்பார்கள். இடது கை வலது கையைக் காப்பியடிக்கக் கூடாது.

ஸ்கோர் படிப்பதில் நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு. கொயரில் டோனிக் சோல்ஃபா, அதாவது டோ ரே மி எழுத்து, பார்த்துப் பாடியவர்களுக்கு ஒவ்வொரு வரியையும் பாடிப் பார்ப்பது சுலபம். இடறும் இடம் டிரான்ஸ்போசிங், அதாவது தாளில் எழுதிய சுரம் ஒன்று, கேட்கும் சுரம் வேறு: பி-ஃபிளாட் ட்ரம்பெட்காரர் தாளில் சி பார்த்து ஊதினால் காதில் விழுவது பி-ஃபிளாட், எஃப் ஹார்ன்காரர் அதே சி-யை ஊதினால் கீழே இருக்கும் எஃப். தினம் ஸ்கோரில் கோடு போட்டுப் பிரித்த நாலு பாரை எடுத்துப் பியானோவிலோ கீபோர்டிலோ கேட்கும் சுருதியில் வாசித்துப் பழகுங்கள். நேர்முகத்தில் இதைக் கேட்பார்கள். வீடியோவில் கச்சேரியோடு ஒத்திகையும் கேட்பதும் இதற்காகத்தான், தப்பு உங்கள் காதில் விழுகிறதா, விழுந்தால் எப்படித் திருத்துகிறீர்கள், திட்டுகிறீர்களா என்று பார்க்க. வெட்டி ஒட்டாதீர்கள்.

பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்காமல் ஆசிரியரைப் பார்த்து விண்ணப்பியுங்கள். ஒரு வருடத்துக்கு ஒருவர் இருவரைத்தான் எடுப்பார்கள், சில வருடம் யாரையும் எடுக்க மாட்டார்கள், அதனால் இடம் இருக்கிறதா என்று ஐந்து வரியில் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்பதில் தப்பில்லை. கடைசித் தேதி பல இடங்களில் டிசம்பர் 1-ஐ ஒட்டி வரும், ஜனவரி பிப்ரவரியில் நேரில் ஒரு குழுவை நடத்தச் சொல்வார்கள், வகுப்பு ஆகஸ்டில். அப்புறம் பணம். அசிஸ்டன்ட்ஷிப் கிடைத்தால் கட்டணம் தள்ளுபடியாகி மாதச் சம்பளமும் வரும், பதிலுக்கு வாரம் இருபது மணி நேரம்வரை வேலை. கூடைப்பந்து ஆட்டத்தில் பேண்ட் நடத்துவதிலிருந்து ஸ்டாண்ட் தூக்குவதுவரை எல்லாம் அதில் அடக்கம். அது இல்லாமல் நிலத்தை அடமானம் வைத்துப் போகாதீர்கள், இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

வீடியோ எப்போது எடுப்பது? டாக்டர் பட்டத்துக்கான வீடியோவையும் நான் பாளையங்கோட்டையில்தான் எடுத்தேன், இந்தத் தடவை கேமரா இரண்டாவது கிளாரினெட் பையனுக்குப் பின்னால். ஆனால் ஆடியில் தேதி வைத்துவிட்டேன். மெதுவான பகுதி தொடங்கியதும் பக்கத்துத் தெரு அம்மன் கோவில் கொடை விழாவின் ரேடியோ செட்டும் தொடங்கியது, அன்று எடுத்தது அத்தனையும் வீண். ஆகஸ்ட் 15 வரை பள்ளி பேண்ட் பிள்ளைகள் அணிவகுப்புப் பயிற்சியில் இருப்பார்கள், அக்டோபர் வந்தால் தகரக் கூரையில் மழை, நடுவில் தசரா வேறு. சுதந்திர தினம் முடிந்த மறுவாரத்திலிருந்து தசராவுக்குக் கால் நடும்வரை உங்களுக்கு நேரம், அதிலும் தெருவில் விசாரித்துவிட்டே நாள் குறியுங்கள்.