ஜப்பானிய மொழி படிக்க வருபவர்கள் முதலில் மூட வேண்டிய நோட்டு

ராமநாதபுரத்தில் மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு ஜப்பானிய வகுப்பு எடுக்கிறேன். பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தேவிபட்டினம் என்று கரையோர ஊர்களிலிருந்து வருகிறார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள், நர்சிங் முடித்த பெண்கள், விசைப்படகில் போகிறவர்கள், பிள்ளைகள் வளர்ந்தபின் புதிதாக ஒன்றைப் படிக்க ஆசைப்படும் அம்மாக்கள். ஒவ்வொரு முறை புதிதாகச் சேர்கிறவர்களும் அதே இடங்களில்தான் இடறுகிறார்கள். வகுப்புக்கு வராதது, வீட்டில் எடுத்துப் பார்க்காதது எல்லாம் எவருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிப்பது

இத்தனை காலம் ஆகியும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இதுதான். முதல் வகுப்பிலேயே நோட்டைத் திறந்து, நான் சொல்வதையெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதத் தொடங்குகிறார்கள். இடப்பக்கம் ‘ஒஹாயோ கொசாய்மஸ்’, வலப்பக்கம் ‘காலை வணக்கம்’. கொஞ்ச நாளில் நோட்டு அழகாக நிரம்பிவிடும். ஜப்பானியர்களின் அடிப்படை எழுத்தான ஹிரகானாவில் ஒரு வரி எழுதி நீட்டினால் படிக்கத் தெரியாது.

தமிழ் எழுத்தில் குறை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. தமிழுக்கு அது நிறைவான எழுத்து. ‘தம்பி’யில் வரும் த வேறு, ‘பந்து’வில் வரும் த வேறு. சொல்லில் எந்த இடத்தில் வருகிறது என்பதை வைத்தே நம் நாக்கு சரியாக ஒலித்துவிடும். அந்த வேறுபாட்டால் பொருள் மாறுவதில்லை என்பதால் ஓர் எழுத்தே போதும். ஜப்பானிய மொழியில் பொருள் மாறும். ‘மறுபடியும்’ என்பதற்கு ஒரு சொல், ‘இன்னும்’ என்பதற்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டுமே ‘மத’. முதல் சொல்லில் தம்பியின் த, இரண்டாவதில் பந்தின் த. நோட்டைப் பார்த்து மனப்பாடம் செய்கிறவருக்கு இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

சிலர் இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கிறார்கள். அழுத்தி ஒலிக்க வேண்டிய இடத்தில் எழுத்தை இரட்டித்து எழுதுவார்கள். அது இன்னும் மோசம். ஜப்பானிய மொழியில் இரட்டித்த ஒலி தனிக் கணக்கு. ஒரு மாத்திரை நிறுத்தி ஒலிப்பார்கள், அதைக் காட்ட நடுவில் ஒரு சின்ன எழுத்தும் போடுவார்கள். தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவர், விருந்தாளியை வீட்டுக்கு அழைக்கிற பயிற்சியில் பணிவாகக் குனிந்து ‘கித்தே குதசாய்’ என்றார். ‘வாருங்கள்’ என்று சொல்ல நினைத்தார், வந்தது ‘வெட்டுங்கள்’. நோட்டை வாங்கிப் பார்த்தேன். ‘கிதே’ என்று எழுதினால் த மெலிந்துவிடுகிறதே என்று அவரே இரட்டித்து வைத்திருந்தார். நல்ல காது இருந்ததால்தான் அந்த வேறுபாட்டைக் கவனித்திருக்கிறார். அந்தக் காதை நோட்டு கெடுத்துவிட்டது. அந்த உச்சரிப்பை மறக்கவைக்க, கற்றுக்கொடுத்ததைவிட அதிக நாள் பிடித்தது.

ஜேஎல்பிடி என்னும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் இதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். சேது எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணம் செய்து சென்னையில் போய் உட்கார்ந்தால், கேள்விகள் முழுக்க ஜப்பானிய எழுத்தில் இருக்கும். ஆரம்ப நிலையான என்5 தேர்வில் 180க்கு 80 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் கேட்டல் பகுதியில் தனியாகவும் 60க்கு 19 எடுத்தாக வேண்டும். மொத்தம் எவ்வளவு வந்தாலும் அங்கே குறைந்தால் தோல்விதான். த-வுக்கும் த-வுக்கும் வேறுபாடு கேட்காத காதுக்கு அந்தப் பகுதி சிரமம்.

ஹிரகானாவில் அடிப்படை எழுத்துகள் 46. நாளைக்கு ஐந்து என்றாலும் பத்து நாளில் முடிந்துவிடும். எழுத்தின் மேல் மூலையில் இரண்டு சிறு கோடுகள் போட்டால் தம்பியின் த பந்தின் த ஆகிவிடும். நமக்கு வேண்டியதை அந்த எழுத்தே தருகிறது. அந்தப் பத்து நாளும் வேறு எதுவும் வேண்டாம், நோட்டை மூடி வையுங்கள் என்றுதான் சொல்கிறேன். பொருளைத் தமிழில் எழுதுங்கள், ஒலியை மட்டும் எழுதாதீர்கள்.

ஆங்கிலம் வழியாகப் போவது

தமிழ் எழுத்தை விடச் சொன்னேன், தமிழ் இலக்கணத்தை விடச் சொல்லவில்லை. இரண்டு மொழியிலும் வினை கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். நம் ‘உம்’ வரும் இடத்தில் அவர்களுடைய ‘மோ’. ‘சாப்பிட்டுப் பார்’ என்பதை அவர்களும் சாப்பிட்டு, பார் என்ற இரண்டு வினைகளைச் சேர்த்தேதான் சொல்கிறார்கள். பொருளும் அதேதான். ஆங்கிலப் பாடநூலில் இதற்குத் தனிப் பாடம் இருக்கும். நம் ஆட்கள் அதை ஆங்கிலத்தில் புரிந்துகொள்ளப் போராடுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

‘சாப்பிடலையா?’ என்று கேட்டால் ‘ஆமா, சாப்பிடல’ என்கிறோம். அவர்களும் ‘ஹாய்’, அதாவது ‘ஆமாம்’ என்றுதான் தொடங்குவார்கள். ஆங்கிலத்தில் யோசிப்பவர் அங்கே ‘இல்லை’ என்று ஆரம்பித்துக் குழப்பிவிடுவார்.

எல்லாரையும் ‘அனதா’ என்று கூப்பிடுவது

அகராதியில் ‘நீங்கள்’ என்று இருக்கும். ஆனால் ஆசிரியரிடமோ மேலதிகாரியிடமோ அப்படிச் சொன்னால் மரியாதைக்குறைவு. பெயரோடு ‘சான்’ சேர்த்துச் சொல்லுங்கள், ஆசிரியர் என்றால் ‘சென்செய்’. நம் ஊரில் ‘அண்ணே எப்ப வந்தீங்க?’ என்று கேட்பதில்லையா, அதேபோலத்தான். வாக்கியத்தில் ‘நீங்கள்’ வரவே தேவையில்லை.

உங்கள் பெயரோடு ‘சான்’ சேர்ப்பது

கூடாது. அது மற்றவர்களுக்குத் தரும் மரியாதை.

சோற்றில் சாப்பிடும் குச்சியைக் குத்தி நிறுத்துவது

அது இறந்தவருக்குப் படைக்கும் முறை.

கதகானாவைத் தள்ளிப்போடுவது

அது வெளிநாட்டுச் சொற்களை எழுதும் இன்னொரு எழுத்து. உங்கள் பெயரையே அதில்தான் எழுதுவார்கள்.

என்5 வந்தால் வேலை என்று நம்புவது

2019 ஏப்ரலில் ஜப்பான் தொடங்கிய ‘தொகுதெய் கினோ’ (குறிப்பிட்ட திறன்) வேலை விசாவில் மீன்பிடித் தொழிலும் முதியோர் பராமரிப்பும் உண்டு. அதனால்தான் நம் கரையில் இவ்வளவு ஆர்வம். அதற்கு மொழியில் குறைந்தது என்5-க்கு அடுத்த மேல்நிலையான என்4 அல்லது ஜேஎஃப்டி பேசிக் என்ற வேறொரு மொழித் தேர்வில் தேர்ச்சி வேண்டும். அந்தந்தத் தொழிலுக்கான திறன் தேர்வு தனி. பராமரிப்புக்கு இன்னொரு மொழித் தேர்வும் உண்டு. என்5 சான்றிதழை வைத்து இந்த விசாவில் அனுப்பிவைக்கிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் சேர்ந்து ஜூலையில் தேர்வு எழுதுவது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போது வகுப்பு நிறைந்துவிடும், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் தேர்வு ஜூலை முதல் ஞாயிறு. தடை முடிந்து கடலுக்குப் போனதும், சரியாகத் திருப்பிப் பார்க்க வேண்டிய கடைசி வாரங்கள் கைவிட்டுப் போகும். பதிவும் பல வாரங்களுக்கு முன்பே முடிந்திருக்கும். தடைக்காலத்தில் ஹிரகானா, கதகானா இரண்டையும் முழுதாக முடித்துவிடுங்கள். அப்புறம் கேட்டல் பயிற்சியைப் போனில் இறக்கிக்கொண்டு, படகில் ஓய்வு கிடைக்கும்போது கேளுங்கள். டிசம்பர் முதல் ஞாயிறு தேர்வுக்குப் பணம் கட்டுங்கள்.