ஒரே ஒரு எழுத்து: கொலம்பியாவின் காலி நகர விமான விபத்தில் அடுக்கடுக்காக நடந்த தவறுகள்

விமானம் மலையில் மோதியது என்றதும் இன்ஜின் நின்றிருக்கும், இறக்கை ஒடிந்திருக்கும் என்றுதான் நினைப்போம். பல விபத்துகளில் அப்படி எதுவும் இருக்காது. ஒரு கோளாறும் இல்லாத விமானம், விமானி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே போய் இடித்திருக்கும். 1995 டிசம்பர் 20 இரவு, மயாமியிலிருந்து கொலம்பியாவின் காலிக்கு (இலங்கைக் காலி இல்லை) வந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965 அப்படித்தான் போனது. போயிங் 757. உள்ளே 163 பேர். பிழைத்தது நான்கு பேர்.

தொடக்கம் அவசரம்தான். மயாமியிலேயே இரண்டு மணி நேரம் தாமதம். ஊரைத் தாண்டிப் போய், தெற்கிலிருந்து திரும்பி இறங்குவதாக ஏற்பாடு. "வடக்கிலிருந்து நேராகவே இறங்குகிறீர்களா?" என்று கட்டுப்பாட்டாளர் கேட்டதும் சரி என்றுவிட்டார்கள். சில நிமிடம் மிச்சம். ஆனால் உயரத்தை மளமளவென்று குறைக்க வேண்டும், வரைபடத்தைத் தேட வேண்டும், கணினியில் பாதையைப் புதிதாகப் போட வேண்டும். இருபுறமும் ஆண்டிஸ் மலை, வெளியே கும்மிருட்டு. தரையிலும் ரேடார் இல்லை. 1992இல் கெரில்லாக்கள் அதைத் தகர்த்திருந்தார்கள். நேரமில்லாதபோது வரும் சலுகையை 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிய வேண்டும்.

அப்புறம் அந்த எழுத்து. வழியில் ரோஸோ என்ற வானொலி வழிகாட்டி நிலையம். வரைபடத்தில் அதன் அடையாளம் 'ஆர்'. கணினியில் 'ஆர்' தட்டினார்கள். பட்டியலில் முதலில் வந்தது ரோஸோ அல்ல, தலைநகர் போகோட்டா பக்கத்து ரோமியோ என்ற நிலையம்! சரிபார்க்காமல் பொத்தானை அழுத்த, விமானம் இடப்பக்கம், மலைகளை நோக்கித் திரும்பியது. ஒரு நிமிடம் போல அப்படியே பறந்தது. ஒருவர் தட்டினால், அழுத்துவதற்கு முன் மற்றவர் திரையைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற முறை இதற்காகத்தான்.

என்னைக் கேட்டால் எழுத்தைவிடப் பெரிய தவறு அடுத்தது. எங்கே இருக்கிறோம் என்ற குழப்பம் வந்த பிறகும் இறங்குவதை நிறுத்தவில்லை. சந்தேகம் வந்தால் முதலில் மேலே ஏற வேண்டும், கணக்கெல்லாம் அப்புறம். 1974 டிசம்பர் 4 அன்று, கொழும்பு நெருங்கிவிட்டது என்று நம்பி இறங்கிய மார்ட்டின்ஏர் நிறுவனத்தின் டிசி-8 விமானம், இலங்கையின் மஸ்கெலியா பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேர் இறந்ததும் இதே வகைதான்.

காலிக்கு வந்த விமானத்தில், தரை நெருங்குகிறது என்று சொல்லும் எச்சரிக்கைக் கருவி அலறியபோது மீதி இருந்தது பன்னிரண்டு விநாடி போல. இன்ஜினுக்கு முழு வேகம் கொடுத்தார்கள், மூக்கைத் தூக்கினார்கள். ஆனால் சீக்கிரம் இறங்குவதற்காக முன்பே தூக்கிவிட்டிருந்த ஸ்பீடு பிரேக், அதாவது இறக்கை மேல் நிமிர்ந்து நிற்கும் தகடுகள், அப்படியே நின்றன. உடனே மடக்கியிருந்தால் முகட்டைத் தாண்டியிருக்கலாம் என்று பின்னால் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். கிழக்குச் சரிவில், உச்சிக்குச் சற்றுக் கீழே இடித்த விமானம் முகட்டைத் தாண்டி மேற்குப் பக்கம் போய் விழுந்தது. தகடுகள் அப்போதும் மடக்கப்படவில்லை.