ப்ரைமர் விஷயத்துல புதுசா ரீலோடிங் பண்றவங்க செய்யுற தவறுகள்

ரைஃபிளுக்கு ஹேண்ட்லோடு (சுட்ட கேஸ்ல, அதாவது தோட்டாவோட உலோகக் கூட்டுல, புது ப்ரைமர், பவுடர், புல்லட் போட்டு மறுபடியும் தோட்டா ஆக்குறது) பண்ண ஆரம்பிச்சவங்க கிட்ட பேசினா கொஞ்ச நேரத்துல ஒரு கேள்வி வந்தே தீரும்: "எந்த ப்ரைமர் போட்டா குரூப் சின்னதாகும்?" ப்ரைமர்ங்கிறது கேஸ் அடியில இருந்து பவுடரைப் பத்த வைக்கிற சின்ன வில்லை, குரூப்ங்கிறது பேப்பர்ல விழுற ஓட்டைகளோட சிதறல் அளவு. பவுடர் எடை போடுறதுல ஒழுங்கு வந்திருக்காது, கழுத்து டென்ஷன் (கேஸ் வாய் புல்லட்டைப் பிடிக்கிற பிடி) ஒரு கேஸுக்கு ஒரு மாதிரி இருக்கும், ஆனா ப்ரைமர் மட்டும் மூணு பிராண்டு வாங்கி வெச்சிருப்பாங்க. ஆரம்பத்துல நானும் இப்படித்தான் சுத்தினேன், அதனால கோபமெல்லாம் வரல. ஆனா அதே பள்ளத்துல ஒவ்வொருத்தரா வந்து விழுறதைப் பாத்துட்டு சும்மா இருக்க முடியல.

ப்ரைமரைத் தலைகீழா அழுத்துறது, கண்ணாடி போடாம பெஞ்சுல உக்கார்றது மாதிரி விஷயத்தையெல்லாம் இங்க எழுதப்போறதில்ல. அதெல்லாம் எந்த மேனுவலோட முதல் அத்தியாயத்துலயும் இருக்கும்.

ப்ரைமர் செய்யுற வேலை இவ்ளோதான். ஃபயரிங் பின் ப்ரைமரோட வெளி உறையான கப்பை அடிக்குது, கப்புக்கும் உள்ள இருக்கிற ஆன்விலுக்கும் (அடியைத் தாங்குற சின்ன உலோகத் துண்டு) நடுவுல மாட்டுன மருந்து நசுங்கி பத்திக்குது, அந்தத் தீ கேஸ் அடியில இருக்கிற ஃப்ளாஷ் ஹோல் வழியா பவுடர்ல பாயுது. ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி பத்தணும், அக்யூரசிக்கு வேண்டியது அதுதான். அதிக தீயா கம்மி தீயாங்கிறது அதுக்கு அப்புறம்தான்.

அஞ்சு ரவுண்டு சுட்டுட்டு தீர்ப்பு எழுதுறது

என்னை இன்னைக்கும் எரிச்சல் படுத்துறது இது ஒண்ணுதான், அதனால இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்லிடறேன்.

ரேஞ்சுல ஒரு தம்பி. .308 ரைஃபிள், நல்ல ஸ்கோப், நல்ல க்ரோனோகிராஃப் (புல்லட் வேகத்தை அளக்குற கருவி). நாலு வகை ப்ரைமர், ஒவ்வொண்ணுலயும் அஞ்சு ரவுண்டு. சுட்டு முடிச்சதும் போனை நீட்டுறார், "அண்ணா பாருங்க, இதுல எஸ்டி 6, அதுல 9, இன்னொண்ணு 11, கடைசி 14, அந்தக் கடைசி பிராண்டை இனிமே கையால தொடமாட்டேன்". எஸ்டின்னா ஸ்டாண்டர்ட் டீவியேஷன், வேகம் சராசரியில இருந்து எவ்ளோ சிதறுதுங்கிற கணக்கு, எஃப்பிஎஸ்ல (செகண்டுக்கு எத்தனை அடி). சொல்லி முடிக்கிறதுக்குள்ள அந்த 6 வந்த ப்ரைமரை 5000 ஆர்டர் போட்டாச்சு. அடுத்த தடவை அதே பவுடர், அதே ப்ரைமர், எஸ்டி 13. ஆள் இடிஞ்சு போயிட்டார். அப்புறம் தராசு மேல சந்தேகம், பவுடர் மேல சந்தேகம், அனீலிங் மெஷின் (கேஸ் கழுத்தைச் சூடாக்கி மென்மையாக்குறது) வாங்கலாமான்னு யோசனை, இப்படியே போய் பேரல்ல இருந்த நல்ல ஆயுசுல பாதியை டெஸ்ட் பண்ணியே கரைச்சுட்டார்.

அவர் லோடுல (பவுடர், புல்லட், ப்ரைமர் சேர்ந்த கலவை) ஒரு கோளாறும் இல்ல. முதல் நாள் வந்த 6 தான் பொய், அவ்ளோதான்.

கணக்கைப் பாருங்க. அஞ்சு ஷாட்டை வெச்சு ஒரு எஸ்டி எடுத்தா, 95 சதவீத நம்பிக்கையோட சொல்லணும்னா உண்மையான எஸ்டி அந்த நம்பர்ல 0.6 மடங்குல இருந்து 2.9 மடங்கு வரைக்கும் எங்க வேணா இருக்கலாம். அதாவது க்ரோனோ 9 காட்டுச்சுன்னா நெஜத்துல அது 5.4 ஆகவும் இருக்கலாம், 26 ஆகவும் இருக்கலாம். 6, 9, 11, 14 நாலுமே ஒரே லோடுல இருந்து வந்திருந்தாக்கூட ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல. பத்து ஷாட்டுக்குப் போனா அந்த வரம்பு 0.69ல இருந்து 1.83 மடங்குக்கு இறங்கும். முப்பது சுட்டா 0.8ல இருந்து 1.34, அப்பதான் கொஞ்சம் நம்பலாம்ங்கிற நிலைமைக்கே வரும். நாணயத்தை அஞ்சு தடவை சுண்டி நாலு தலை விழுந்துச்சுன்னு அந்த நாணயத்தை ராசியானதுன்னு பாக்கெட்ல போட்டுக்கிற மாதிரிதான் இந்த அஞ்சு ஷாட் ஆராய்ச்சி.

இதுக்கு மேல இன்னொரு கூத்து, இந்த டெஸ்ட்டை 100 கெஜத்துல குரூப் பாத்து முடிவு பண்றது. .308ல 175 கிரெய்ன் புல்லட்டு 2600 எஃப்பிஎஸ் கிட்ட போகுதுன்னு வெச்சுக்கோங்க, வேகம் 10 எஃப்பிஎஸ் மாறினா 100 கெஜத்துல மேல கீழ வர்ற வித்தியாசம் 0.02 இன்ச். புல்லட் ஓட்டையோட ஓரம் கிழிஞ்சிருக்கிறதே அதைவிட அதிகம் இருக்கும். அதே 10 எஃப்பிஎஸ் 1000 கெஜத்துல சுமார் 3-4 இன்ச் ஆயிடும். அப்ப ப்ரைமர் வேகத்தை எவ்ளோ சீரா வெச்சிருக்குங்கிறதோட பலன் தூரத்துலதான் தெரியும், 100 கெஜத்து பேப்பர்ல அது தெரியவே தெரியாது. 100 கெஜத்துல ப்ரைமர் மாத்தினதும் குரூப் பாதியாச்சுன்னு யாராவது சொன்னா நான் முதல்ல கேக்குறது "எத்தனை குரூப் சுட்டீங்க"ன்னுதான். பெரும்பாலும் ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு.

அந்தத் தம்பி பண்ணின இன்னொரு விஷயம் யாருமே கவனிக்காதது. முதல் ப்ரைமரை குளிர்ந்த, சுத்தமான பேரல்ல ஆரம்பிச்சார், கடைசி ப்ரைமர் வர்றப்ப பேரல் கையை வெக்க முடியாத சூடு, மிராஜ் (சூட்டுல அலையடிக்கிற காத்து) ஸ்கோப் முன்னாடி ஆடுது, ஆளும் டயர்ட். கடைசியா வந்த ப்ரைமர்தான் மோசம்னு பட்டம் வாங்கிச்சு. வரிசையை மாத்தி சுட்டிருந்தா பட்டம் வேற யாருக்காவது போயிருக்கும்.

டெஸ்ட் பண்ணியே ஆகணும்னா ரெண்டே ரெண்டு ப்ரைமரை எடுங்க, நாலு வேண்டாம். ஒரே லாட் (ஒரே தடவையில தயாரான தொகுதி) பவுடர், ஒரே லாட் கேஸ், எல்லாம் அதே எண்ணிக்கை தடவை சுட்ட கேஸா இருக்கணும். இதுல ஒண்ணு, அதுல ஒண்ணுன்னு மாத்தி மாத்தி சுடுங்க, அப்பதான் சூடும் அழுக்கும் ரெண்டு பேருக்கும் சமமா விழும். ஒவ்வொண்ணுலயும் இருபது முப்பதாவது வேணும். ஒரே நாள்ல முடியலேன்னா பரவால்ல, ஆனா ரெண்டு நாள் நம்பரை அப்படியே ஒண்ணா கொட்டி எஸ்டி எடுக்காதீங்க, வெயில் மாறினா சராசரி வேகமே நகர்ந்துடும், அந்த நகர்வும் சிதறல் மாதிரி கணக்குல ஏறிடும். ஒவ்வொரு நாளுக்கும் தனியா எடுத்து அப்புறம் சேருங்க. இவ்ளோவும் பண்ணி வித்தியாசம் ஒண்ணு ரெண்டு எஃப்பிஎஸ்தான்னா, எது கடையில தொடர்ந்து கிடைக்குதோ அதை வாங்கிட்டு காத்துல எப்படி சுடுறதுன்னு பழகப் போங்க.

மேக்னம் போட்டா நல்லதுன்னு நினைக்கிறது

மேக்னம் ப்ரைமர் சூடா, கொஞ்சம் நீளமா எரியும். பெரிய கேஸ்ல நிறைய பவுடர் இருந்தா, இல்ல சுலபமா பத்தாத பால் பவுடர் (ball, உருண்டை மணியா இருக்கிறது) போட்டா, இல்ல கடும் குளிர்ல சுடணும்னா அது தேவை. அந்த மாதிரி லோடுல சாதா ப்ரைமர் போட்டுட்டு வேகம் ஏன் இப்படி எகிறி இறங்குதுன்னு தேடுறவங்களும் இருக்காங்க.

ஆனா சின்ன கேஸ்ல, சுலபமா பத்துற ஸ்டிக் பவுடர்ல (குச்சி மாதிரி மணியா இருக்கிறது) அந்த சூடு தேவையில்ல. கழுத்து டென்ஷன் கம்மியா இருந்தா பவுடர் சரியா எரிய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ப்ரைமரோட உதையே புல்லட்டை முன்னாடி நகர்த்திடலாம். நகர்ற தூரம் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே மாதிரி இருக்காது, அங்கயே சீர் போச்சு. பெஞ்ச்ரெஸ்ட் (ரைஃபிளை மேஜை மேல தாங்கி வெச்சு சுடுற போட்டி) ஆளுங்க நிறைய பேர் மென்மையா பத்துற ப்ரைமரைத் தேடி ஓடுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபுல் லோடுல ப்ரைமரை மட்டும் மாத்துறது

இது அக்யூரசி பிரச்னை இல்ல, கண்ணு போற பிரச்னை. மேனுவல்ல லோடு பக்கத்துல ப்ரைமர் பேரும் போட்டிருக்கிறது சும்மா இல்ல, ப்ரைமர் மாறினா பிரஷர் மாறும். ப்ரைமர் மாத்தினா அது புது லோடு, கீழ இறங்கி ஸ்டார்ட் லோடுல (மேனுவல் சொல்ற ஆரம்ப பவுடர் அளவு) இருந்து மறுபடியும் ஏறி வாங்க. "நான் மேக்ஸ்ல இருந்து கொஞ்சம் கம்மியாதானே இருக்கேன்"ங்கிறதெல்லாம் கேக்காது.

கப் தடிமனும் ஒரே மாதிரி இல்ல. சிசிஐ கம்பெனியோட 400ல 0.020 இன்ச், 450ல 0.025 இன்ச். ரெண்டுமே ஸ்மால் ரைஃபிள், ஒரே பாக்கெட்ல (கேஸ் அடியில ப்ரைமர் உக்கார்ற குழி) அழகா உக்காரும். பிரஷர் ஜாஸ்தி இருக்கிற லோடுல மெல்லிய கப்பைப் போட்டா ஃபயரிங் பின் அடிச்ச இடத்துல ஓட்டை விழுந்து போல்ட் முகத்துல சூடான வாயு பீச்சி அரிச்சுடும். செமி ஆட்டோவா இருந்தா இன்னும் கவனம், ஏஆர்-15, எம்1 கேரண்ட் மாதிரி ரைஃபிள்ல ஃபயரிங் பின் ஸ்பிரிங் இல்லாம மிதக்குது, போல்ட் மூடறப்பவே ப்ரைமரை லேசா தட்டும். சிசிஐ 41, 34 மாதிரி மிலிட்டரி வகை ப்ரைமர் இருக்கிறதே அதுக்குத்தான்.

சீட்டிங்கை அலட்சியமா விடுறது

நாலு பிராண்டு மாத்திப் பாக்குற ஆள், இருக்கிற ப்ரைமரை ஒழுங்கா அழுத்திப் பாத்திருக்கமாட்டார். ஆன்விலோட கால்கள் பாக்கெட் அடியில உக்காரணும், அதுக்கு அப்புறம் ஒரு பொடி அழுத்தம் கூட, அப்பதான் மருந்து ஆன்வில் மேல லேசா நெருங்கி நிக்கும். ஹேண்ட் ப்ரைமர்ல இதைக் கையாலயே உணரலாம்: முதல்ல கப் உள்ள வழுக்கிட்டுப் போற உராய்வு, அப்புறம் டக்குன்னு ஒரு தடை, அதுக்கு மேல ஒரு சின்ன அமுக்கம். அந்தத் தடையிலயே விட்டுட்டா ஃபயரிங் பின் அடியில பாதி ப்ரைமரை உள்ள தள்ளவே செலவாகும், பத்துறது லேட்டாகும், சில நேரம் பத்தவே பத்தாது. ரெண்டாவது அடியில வெடிச்சா அது பெரும்பாலும் ப்ரைமர் கோளாறு இல்ல, உங்க கை கோளாறு.

கேஸ் அடியில விரலை ஓட்டிப் பாருங்க, ப்ரைமர் மேல நீட்டிட்டு இருக்கவே கூடாது. பொதுவா கேஸ் மட்டத்துக்குக் கீழ 0.003ல இருந்து 0.005 இன்ச் வரும். பாக்கெட் அடியில கரி கெட்டியா படிஞ்சிருந்தா அந்த அளவு கேஸுக்கு கேஸ் ஆடும், சுரண்டி எடுங்க. மிலிட்டரி பிராஸா (மிலிட்டரி கேஸா) இருந்தா க்ரிம்ப்பை (ப்ரைமர் கழண்டுடாம பாக்கெட் ஓரத்தை நசுக்கி வெச்சிருக்கிறது) எடுக்காம புது ப்ரைமரைத் திணிக்காதீங்க, கப் ஓரம் சீவிக்கும்.

ஃபயரிங் பின்னை மறந்துட்டு ப்ரைமரைத் திட்டுறது

அடி ஒரே பலத்துல விழலேன்னா எந்த ப்ரைமரும் ஒரே மாதிரி பத்தாது. போல்ட்டுக்குள்ள பழைய கிரீஸ் குளிர்ல கெட்டியாகி பின்னை இழுத்துப் பிடிக்கும், ஸ்பிரிங் வருஷக்கணக்கா அமுங்கி சோர்ந்து போயிருக்கும். இந்த நிலைமையில மென்மையான கப் உள்ள ப்ரைமர் தப்பிச்சுக்கும், தடிமனான கப் சொதப்பும், உடனே "அந்த பிராண்டு வேஸ்ட்"னு முடிவு. போல்ட்டைக் கழட்டி உள்ள துடைச்சு ஸ்பிரிங்கை மாத்திட்டு அப்புறம் பேசுங்க.

சுட்ட ப்ரைமர் தட்டையானதைப் பாத்து பிரஷர் சொல்றது

சாஃப்ட் கப் சீக்கிரம் தட்டையாகும், ஹார்டு கப் கடைசி வரைக்கும் உருண்டையாவே நிக்கும். பிராண்டு மாத்தின அன்னைக்கு இந்த ஜோசியம் சுத்தமா வேலைக்கு ஆகாது. க்ரோனோல வேகம் புக்ல உள்ளதைத் தாண்டுதா, போல்ட் தூக்க கனமா இருக்கான்னு பாருங்க.

பிஸ்டல் ப்ரைமரை ரைஃபிள்ல போடுறது

போடாதீங்க.

வெயிட் பாத்து ப்ரைமரைப் பிரிக்கிறது

வேற வேலை இல்லேன்னா பண்ணுங்க.

டப்பாவுல கொட்டி வெக்கிறது

கம்பெனி குடுத்த பெட்டியிலயே இருக்கட்டும். கண்ணாடி பாட்டில்ல மொத்தமா இருந்தா ஒண்ணு வெடிச்சா எல்லாம் வெடிக்கும்.

லாட் மாறினதைக் கண்டுக்காம விடுறது

ஒரே பேர், ஒரே அட்டைப்பெட்டி, லாட் நம்பர் வேற. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, சில நேரம் சராசரி வேகம் கொஞ்சம் நகரும், 600 கெஜம் தாண்டி சுடுறவங்களுக்கு ஸ்கோப்ல க்ளிக் மாறும். அதனால பழைய லாட் தீர்றதுக்கு முன்னாடியே புதுசுல பத்து ரவுண்டு போட்டு, அதே நாள்ல பழசோட பக்கத்துல வெச்சு சராசரியைப் பாத்துக்கோங்க. சராசரி சொல்றதுக்கு பத்து பெரும்பாலும் போதும், முப்பது வேண்டியது சிதறலுக்குத்தான். அமோ பாக்ஸ் மேல ஒட்டுற லேபிள்ல பவுடர், புல்லட்டு கூடவே ப்ரைமர் லாட் நம்பரையும் எழுதிடுங்க.