பெரிய அரசுப் பல்கலைக்கழகம் உங்களுக்கு ஏற்றதா?

பினாங்கில் எஸ்டிபிஎம் என்ற பல்கலைக்கழக முன்நிலைத் தேர்வை முடித்தவர்கள், அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யுபியுவில் விண்ணப்பிக்குமுன், பல்கலைக்கழகத்தில் தாம் கழிக்கப்போகும் ஒரு சாதாரண நாளை எண்ணிப் பார்க்க வேண்டும். 1969இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் பினாங்கின் மிண்டனில் இருந்தாலும், பொறியியலுக்கு நிபோங் திபாலுக்கும் மருத்துவத்துக்குக் கிளந்தானின் குபாங் கெரியானுக்கும் செல்ல வேண்டும் என்பதால், உங்கள் துறை எந்த வளாகத்தில் இருக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்.

பிறகு, வகுப்பு நடக்கும் நாளில் நேரில் சென்று, மூத்த மாணவர் ஒருவருடன் விடுதியிலிருந்து விரிவுரை மண்டபம் வரை நடந்து பாருங்கள். விரிவுரையை ஒட்டி நடக்கும் சிறு வகுப்பான டுடோரியலில் ஒரு குழுவுக்கு எத்தனை பேர், அதை நடத்துபவர் யார் என்றும் அவரிடமே விசாரியுங்கள். கூட்டம் நிறைந்த மண்டபத்தில் எழுந்து ஐயம் கேட்கக் கூசும் பிள்ளைக்கு அந்தச் சிறு குழுவே பெருந்துணை. விரிவுரையாளரின் அறைக்கதவைத் தட்டும் துணிவு பழகப் பழக வரும். கூச்சத்துக்காக மட்டும் இடத்தை மறுத்துவிடாதீர்கள்.